சுவரைப் பார்த்த ஃபிளாஷ்

விற்பனைக்கு வந்த வீட்டைப் படமெடுக்க மதிவதனி வந்தாள். கேமரா மேலிருந்த ஃபிளாஷ் கூடத்தை நேராகப் பார்த்துப் பளிச்சென்று அடித்தது. கண்ணாடி அலமாரி கண்ணைக் கூசச் செய்தது. பச்சை சோபா வெளிறியது.

“இது வீடா, ஆஸ்பத்திரியா?” என்றார் படத்தைப் பார்த்த வீட்டுக்காரர் இருதயராஜ்.

மதிவதனி ஃபிளாஷின் தலையை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பினாள்.

“எனக்கு இப்படியொரு அவமானமா!” என்று பொருமியது ஃபிளாஷ்.

“கோபத்தை என்மேல் காட்டு, அண்ணே. நான் எல்லாருக்கும் பதமாகப் பிரித்துக் கொடுக்கிறேன்,” என்றது சுவர்.

ஃபிளாஷ் ஆத்திரத்தோடு அடித்தது. சுவரில் பட்ட வெளிச்சம் கூடமெங்கும் இதமாகப் பரவியது.

இருதயராஜ் படத்தை உற்றுப் பார்த்தார். “இவ்வளவு அழகான வீட்டையாம்மா விற்கப் பார்த்தேன்?” என்று சொல்லி, விற்பனைப் பலகையைக் கழற்றப் போனார்.

“பார்த்தாயா என் திறமையை!” என்றது ஃபிளாஷ்.

“பார்த்தேன், அண்ணே,” என்றது சுவர் சந்தோஷமாக.