பள்ளிகொண்டாவில் இறங்கியவர்கள்

"பஸ்ல இருந்தவங்க பதினெட்டுப் பேரு. ஒருத்தர்கூடவா வாயைத் தொறக்க மாட்டாங்க, வாத்தியாரே?" என்றான் கன்னியப்பன்.

ரத்தினசாமி விலாசங்கள் எழுதிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். ஆம்பூரில் மிஷன் பள்ளி வாத்தியார் அவர். ஆதிதிராவிடர் சங்கத்துக்குக் காரியதரிசியும் அவர்தான். பஸ்ஸுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஜில்லா போர்டுக்குப் புகார் மகஜர் போட்டு விசாரணைக்குத் தேதியும் வாங்கிவிட்டார். சாட்சிதான் கிடைக்கவில்லை.

தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்பவன் கன்னியப்பன். அவன் மனைவி செண்பகம் அன்றைக்கு நிறைமாதக்காரி. திடீரென்று அவளுக்கு முடியாமல் போகவே, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறினார்கள். ரயிலென்றால் காட்பாடியில் இறங்கி வண்டி தேட வேண்டும்.

கடைசி சீட்டில் ஒடுங்கித்தான் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிகொண்டா வந்ததும் முன்னாலிருந்து ஒரு குரல்.

"ஒரே தோல் நாத்தம். அவங்களை எறக்குப்பா. இல்லாட்டி நாங்க எறங்கிக்கறோம்."

மோட்டார் இரைச்சலில் யார் பேசியது என்று தெரியவில்லை. பஸ் நின்றது. கண்டக்டர் வந்தான்.

"எறங்கு."

"ஐயா, இவ நெலமையைப் பாருங்க..."

"எறங்குன்னா எறங்கு!"

சித்திரை மாத வெயில். இரண்டு மைல் நடந்த பிறகுதான் ஒரு கட்டை வண்டி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் செண்பகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

பஸ் முதலாளியோ, 'அவர்கள் தாங்களாகவே பள்ளிகொண்டாவில் இறங்கிக்கொண்டார்கள்' என்று போர்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"இதுல தோத்தோம்னா, நாளைக்கு நம்ம ஜனங்களை எவனும் பஸ்ல ஏத்த மாட்டான். கெளம்பு, கன்னியப்பா" என்றார் ரத்தினசாமி.

பஸ் ஸ்டாண்டில் விசாரித்து விசாரித்து, அன்று வந்தவர்களில் மூன்று பேரின் விலாசம் மட்டும் கிடைத்திருந்தது.

முதல் ஆள் தோல் வியாபாரி சர்தார் பாஷா. இருவரையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"பாவம்தான். ஆனா பஸ்காரன் நம்ம தோஸ்து. எதுக்கு பேஜாரு? நான் தூங்கிட்டேன்னு வெச்சிக்கோங்க."

இரண்டாவது ஆள் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. "சர்க்கார் உத்தியோகம்ப்பா. சாட்சி கீட்சின்னு என்னை இழுக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மூன்றாவது ஆள் வேலூர் லாங் பஜாரில் அரிசி மண்டி வைத்திருந்த சுந்தரமூர்த்தி. அவர் உள்ளே வரச் சொல்லவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் இடித்துக்கொண்டு போக, இருவரும் தெருவிலேயே நின்றார்கள். ரத்தினசாமி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை, அவர் தராசை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கண்ணால பார்த்ததைச் சொன்னா போதும்ங்க. அதுக்கு மேல எதுவும் கேக்கலை."

சுந்தரமூர்த்தி ஒரு படிக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"கொழந்தை?"

"பொண்ணுங்க" என்றான் கன்னியப்பன். "பொறந்துச்சு. அழவே இல்லீங்க."

தராசுத் தட்டு ஆடி ஆடி நின்றது.

"போங்கப்பா. இது யாவார நேரம்."

தெருமுனை திரும்பியதும் கன்னியப்பனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தூங்கிட்டேன்னு சொன்ன பாய்கூட உக்கார வெச்சுப் பேசினாரு. இவரெல்லாம் ஒரு மனுஷனா, வாத்தியாரே?"

ரத்தினசாமி விலாசக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

திங்கட்கிழமை வேலூரில் விசாரணை. ஜில்லா போர்டு அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பஸ் முதலாளி ஒரு வக்கீலோடு வந்திருந்தார். கன்னியப்பனைத்தான் வக்கீல் முதலில் பிடித்துக்கொண்டார்.

"பள்ளிகொண்டாவுல உனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"இருக்காங்க, எஜமான்."

"அவங்களைப் பாக்கத்தானே எறங்கினே?"

"இல்லீங்க! எறக்கி விட்டாங்க!"

"அதுக்கு யார் சாட்சி?" என்று கேட்டார் அதிகாரி.

ஒருவரும் வரவில்லை என்று சொல்ல ரத்தினசாமி எழுந்தார். அப்போது வாசலில் வந்து நின்றார் சுந்தரமூர்த்தி.

பஸ் முதலாளி முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார். "வாங்க, வாங்க! இப்படி உக்காருங்க" என்று தன் நாற்காலியையே நகர்த்திப் போட்டார்.

கன்னியப்பன் ரத்தினசாமியைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது. இனி எல்லாம் முடிந்தது.

சுந்தரமூர்த்தி உட்காரவில்லை. மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"அந்த பஸ்ஸுல நான் இருந்தேங்க. இவங்க தானா எறங்கலை. எறக்கி விட்டாங்க. அந்தப் பொண்ணு கம்பியைப் புடிச்சிக்கிட்டு விடவே இல்லை. கண்டக்டர்தான் கையைப் பிரிச்சு விட்டான்."

பஸ் முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வக்கீல் துள்ளி எழுந்தார்.

"யாரோ முன் சீட்டுல இருந்து எறக்கச் சொன்னதா மகஜர்ல எழுதியிருக்கு. இது சுத்தக் கட்டுக்கதை! அப்படி ஒரு ஆளே கெடையாது. இருந்தா, எங்க, அந்த ஆள் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்?"

சுந்தரமூர்த்தி திரும்பி, முதல் தடவையாகக் கன்னியப்பனின் முகத்தைப் பார்த்தார்.

"எழுதிக்கோங்க" என்றார். "பேரு சுந்தரமூர்த்தி. லாங் பஜார்ல அரிசி மண்டி. எறக்கச் சொன்னவன் நான்தான்."