புகைக்கூண்டின் மேல் ஒரு கூடு

மில்லும் சாயப்பட்டறைகளும் மூடிப் பல வருஷமான ஆற்றங்கரை ஊருக்கு, ஒரு நாரை ஜோடி கூடு கட்ட இடம் தேடி வந்தது. ஆற்றில் தண்ணீர் தெளிந்து ஓடியது. மில்லின் உயரமான புகைக்கூண்டு சும்மா நின்றது.

“இதைவிட நல்ல இடம் கிடைக்காதுங்க” என்றது பெண் நாரை.

“செங்கல்லில் இன்னும் கரிவாடை அடிக்குதே! அடுத்த ஊரையும் பார்த்துடலாம்” என்றது ஆண் நாரை.

“போன ஊர்லயும் இதைத்தான் சொன்னீங்க! முட்டை உங்க வயித்துலயா இருக்கு? போய்க் குச்சி கொண்டு வாங்க!” என்று கத்திவிட்டு, பெண் நாரை புகைக்கூண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

ஆண் நாரை முணுமுணுத்தபடி பறந்துபோனது. வெகுநேரம் கழித்து, வயிறு புடைக்கத் திரும்பி வந்தது.

“இந்த ஆத்துக் கெண்டை என்ன ருசி! இப்படி ஒரு ஊர் இருக்குன்னு நீ ஏன் முன்னாடியே சொல்லலை?”

பெண் நாரை அதன் வெறும் அலகையே பார்த்தது.

“குச்சி எங்கே?”