கடைசி சீனைத் தூக்கு

“இந்தப் படம் தியேட்டர் வாசலை மிதிக்காது, பார்த்துக்கோ” என்றார் அண்ணன், கார் சாவியை விரலில் சுழற்றியபடி. “நம்ம குடும்பத்தைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா இருந்தாலும் கோர்ட்டுக்குப் போயிடுவேன்.”

தம்பி இயக்கிய முதல் படம். முடிப்பதற்குள் பாதித் தலை வழுக்கையாகிவிட்டது. வழக்கு என்று காதில் விழுந்தாலே வாங்க வந்தவர்கள் தலைதெறிக்க ஓடிவிடுவார்கள். அதனால்தான் வெளியிடுவதற்கு முன்னால் அண்ணனுக்கென்று தனியாகப் போட்டுக் காட்டுகிறான்.

சின்ன அரங்கம். மெத்தை கிழியாத ஒரே நாற்காலியில் அண்ணன் சாய்ந்துகொண்டார். தம்பி பின்வரிசையில் ஒடுங்கினான்.

திரையில் ஓர் அண்ணன், ஒரு தம்பி, படுத்த படுக்கையாக ஓர் அம்மா. அந்த அண்ணன் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டான், லீவு போட்டுப் போட்டே வேலையை இழந்தான், மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டான்.

ஐந்தே நிமிடத்தில் அண்ணனுக்கு விளங்கிவிட்டது. அட, நம்மைத்தான் எடுத்திருக்கிறான். நிஜத்தில் அம்மா தம்பி வீட்டில் இருக்கிறாள் என்பதெல்லாம் சில்லறை விஷயம். அம்மாவைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தது யார்? அவர்தானே? சினிமாவில் அண்ணன் என்றாலே தியாகி. மூத்தவராய்ப் பிறந்தபோதே அந்த வேஷம் அவருக்கு ஒதுக்கியாகிவிட்டது.

திரையில் இருந்த தம்பியோ சுத்த உதவாக்கரை. அம்மா பெயரில் இருந்த வீட்டை விற்று முழுங்கினான். எப்போதாவது வந்தாலும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே, “அம்மா நல்லாத்தானே இருக்கா?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினான்.

“மூஞ்சியைப் பாரு” என்றார் அண்ணன் இருட்டில். “அந்த விரலை ஒடிக்கணும்டா. இவனெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறானா?”

திட்டத் திட்ட நாக்குக்கு ருசியாக இருந்தது. காறித் துப்பத்தான் இடமில்லை. கீழே கம்பளம் விரித்திருந்தார்கள்.

கடைசிக் காட்சி. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு அந்தத் தம்பி வந்து நிற்கிறான். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துச் சோறு போடுகிறான்.

விளக்கு எரிந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைக் கட்டிப்பிடித்தார்.

“என்னை அப்படியே உரிச்சு வெச்சுட்டேடா. ஹீரோன்னா சண்டை போடறவன் இல்ல, இவன்தான் ஹீரோ. உன்னையே இவ்வளவு கேவலமாக் காட்டிக்கிட்டே பாரு, அதுக்கும் ஒரு தில் வேணும்.”

“அப்ப கோர்ட்டு...?”

“கோர்ட்டாவது ஒண்ணாவது. ஒரே ஒரு திருத்தம். அந்தக் கடைசி சீனைத் தூக்கு. அந்த மாதிரி ஆளுக்குச் சோறு போடக் கூடாது. நடுத்தெருவுல நிக்க வெச்சு, போறவன் வர்றவன் எல்லாம் துப்பணும். அதைத் தூக்கினாத்தான் படம் வெளிய வரும்.”

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படம் பிழைத்துவிடும். தம்பி சொல்லவில்லை.

“அது மட்டும் இருக்கட்டும்ணா.”

“ஏண்டா, உன்னை நீயே மன்னிச்சுக்கறியா?” அண்ணன் சிரித்தார். சாவி மறுபடி விரலில் சுழல ஆரம்பித்தது.

தம்பி அந்த விரலையே பார்த்தான்.

“என்னை இல்லண்ணா. நான் வயசை மட்டும்தான் மாத்தியிருக்கேன்.”