கால்வாயில் ஒரு சமாதி

சமாதிக்குப் பால் ஊற்றிவிட்டு ஜெகதீசன் மைக்கைப் பிடித்தார். வறண்டு கிடந்த நூம்பல் கால்வாயின் நடுவில், முழங்கால் உயர மண்மேடு ஒன்று சாமந்தி மாலையும் குங்குமமுமாக இருந்தது.

"தாது வருஷப் பஞ்சத்தில் ஒரு வேளைக் கஞ்சிக்காக இந்தக் கால்வாயை வெட்டி, வெட்டிய இடத்திலேயே மாண்ட தொழிலாளியின் சமாதி இது! சுற்றிலும் பள்ளம், இது மட்டும் தப்பி நிற்கிறதே, தெய்வச் செயல் இல்லையா? வாக்கிங் போன என் கண்ணில்தான் பட்டது!"

கரையான்சாவடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இந்த மனிதருக்கு வரலாற்றுப் பித்துப் பிடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. மேடு புல் மண்டிக் கோணலாக நின்றதாம். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் யாரும் இல்லாத நேரத்தில் ஆள் வைத்து அதைச் சீவி, அழகாகச் சமாதி ஆக்கியதும் தாமே என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். நாற்காலிக்கும் டீக்கும் வந்த கூட்டம் மூன்று தடவையும் கைதட்டியது.

கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே மண்வெட்டியோடு ராணி நின்றாள். கால்வாயில் பத்து நாளாகத் தூர் வாரும் பதினெட்டுப் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி.

"அண்ணாத்தே, உள்ள உடு. ஓவர்சீயர் வந்துகினு கீறாரு. இன்னிக்கு அளவு எடுத்தாதான் எங்களுக்குக் கூலி" என்று காவலுக்கு நின்றவனிடம் கெஞ்சினாள்.

"தியாகியப் பத்திப் பேசிகினு கீறாங்க. மண்ணுக் காலோட வந்து நிக்கற. அப்பால போ!"

அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த ராணி அப்படியே மண்வெட்டியைப் போட்டாள். கயிற்றைத் தாண்டி ஓடி, மேட்டைக் கட்டிக்கொண்டு, "ஐயோ, போச்சே!" என்று அழுதாள்.

ஜெகதீசனுக்குப் புல்லரித்துவிட்டது. வீடியோக்காரனுக்குச் சைகை காட்டினார்.

"பாருங்கள்! நூற்றைம்பது வருஷம் கழித்தும் ரத்த பாசம் விடவில்லை. இவள் அந்தத் தியாகியின் வம்சம்!" என்று மைக்கை அவள் வாயருகே நீட்டினார். "சொல்லும்மா, உள்ளே இருப்பவர் உனக்கு என்ன முறை வேணும்?"

ராணி மூக்கைச் சிந்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உள்ள யாரும் இல்ல நைனா. எவ்ளோ ஆழம் வாரினோம்னு உசரத்த வெச்சு அளக்கறதுக்காக நாங்க வாராம உட்டு வெச்ச மண்ணு இது. நீ சீவிப்போட்ட ரெண்டடிக்கு யாரு கூலி குடுப்பா?"