மன்னார்புரத்து வீடு

பாக்கியநாதனின் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஞாயிறு பூசை முடிந்ததும் மன்னார்புரத்துக்கு நழுவ ஆரம்பித்துவிட்டார். இன்று மனைவி டோரதி அடுத்த பஸ்ஸிலேயே பின்தொடர்ந்து, விசாரித்து அவர் போன வீட்டைக் கண்டுபிடித்தாள்.

அந்த வீட்டில் ஒருத்தி அவர் நெஞ்சில் காதை வைத்துக் கண்மூடியிருந்தாள்.

“மெஷின் வெச்சதும் வாலிபம் திரும்பிருச்சோ?” என்று கத்தினாள் டோரதி. “ஏண்டி, உனக்கு என் புருஷன்தான் கெடச்சாரா?”

“உங்க புருஷனை நீங்களே வெச்சுக்கங்கக்கா” என்றாள் அவள். “உள்ள இருக்கற மெஷின் எங்க வீட்டுக்காரரோடது. அடக்கம் பண்றதுக்கு முன்னாடி டாக்டர் கேட்டாரு, எடுத்துக்கச் சொன்னேன். அவர்ல இன்னும் ஓடிட்டிருக்கறது அது ஒண்ணுதான்.”

“செத்தவரோடதுன்னா நீ பயப்படுவேன்னுதான் சொல்லல” என்று பாக்கியநாதன் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

“போடாதீங்க. அவ இன்னும் கேட்டு முடிக்கல” என்று சொல்லிவிட்டு, டோரதி வாசலில் போய் நின்றுகொண்டாள்.