அட்டைக்குள் ஓர் உளவாளி

உங்களைச் சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் கணக்கு கைடு விழித்திருக்கிறார்.

நான் பதினைந்து வயது உளவாளி ஒருவனின் கதைப்புத்தகம். சுகிர்தாவின் அம்மா கையில் சிக்கினால் நேரே பழைய பேப்பர் கடைதான். அதனால் சுகிர்தா எனக்குப் பிரவுன் அட்டை போட்டு, லேபிளில் 'கணிதம்' என்று எழுதியிருந்தாள்.

"யாருப்பா புதுசா?" என்றார் கைடு.

வாத்தியார் குரலில் செருமினேன். "எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடி."

"அட, நம்ம ஆளு" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

மூன்று மணி நேரமாகச் சுகிர்தா என்னைக் கீழே வைக்கவில்லை. எட்டிப் பார்த்த அம்மா, லேபிளைப் படித்துவிட்டு, ஒரு கிண்ணம் சுண்டல் வைத்துப் போனார்.

"பாத்தியா, நம்ம பாடத்துக்கு வந்த மரியாதையை" என்று கைடு பூரித்தார்.

அப்போது சுகிர்தா என்னிடம் கிசுகிசுத்தாள். "குதிச்சிருடா, பாலம் வெடிக்கப் போகுது."

கைடு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அல்ஜீப்ராவுல ஏதுடா பாலம்?"