கிளம்பும்போது ஒரு சத்தம்

"மறுபடியும் அதே சத்தம்ண்ணே!" ஹெட்போனைக் கழற்றினாள் பரிமளா.

கார் ரேஸ் வீடியோ கேம் ஒன்றுக்காக, காசிநாதனின் பழைய ரேஸ் காரின் இன்ஜின் சத்தத்தைச் சதுரங்கப்பட்டினத்துக் காலி ரோட்டில், தள்ளி உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தாள்.

"வண்டி கிளம்பும்போதெல்லாம் 'பச்சக்'னு கேக்குது. இப்படியே இருந்தா வேற வண்டிதான் பாக்கணும்."

காசிநாதனின் முகம் சுருங்கியது. "என் வண்டில ஒரு கோளாறும் கெடையாதும்மா! இன்னொரு தபா எடு."

அவர் மனைவி சம்பூர்ணம், ஒவ்வொரு முறையும் போல, தண்ணீர் பாட்டிலோடு காரிடம் போய்த் திரும்பினாள். கார் சீறிக் கிளம்பியது.

பச்சக்!

பரிமளா ஓடிப்போய்த் தரையைப் பார்த்தாள். நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் கிடந்தன.

"ரேஸுன்னு சொன்னியே கண்ணு," என்றாள் சம்பூர்ணம், கையிலிருந்த பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி. "அதான் கெளம்பறப்போல்லாம் டயருக்கு அடில வெச்சேன். மனுசன் பத்திரமா திரும்பி வரணும்ல?"

பரிமளா சிரித்துவிட்டாள். "கேம்லயும் இந்தச் சத்தம் அப்படியே இருக்கட்டும்க்கா."

சம்பூர்ணத்துக்கு நிம்மதியாக இருந்தது.

"அப்ப அதுல ஓட்டற புள்ளைங்களுக்கும் ஒண்ணும் ஆவாது."